மடத்தங்கால் தெரு

மேலப்பாறைக்குளத்தில் யாராவது செத்தால் முதலில் கொட்டுக்காரருக்குச் சொல்லிவிடுவார்கள், அடுத்து சொரிமுத்து அண்ணாச்சிக்கு. சொந்தம் என்பதால் அல்ல. அவர் போய்த் துக்கம் கேட்டு, மாலை போட்டு, வீட்டுக்கு வந்து குளித்ததும் பீரோவிலிருந்து வாக்காளர் பட்டியலை எடுப்பார். ஸ்கேலை வைத்து, செத்தவர் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பார். அதற்கப்புறம்தான் அந்த ஆள் முழுசாகச் செத்ததாக ஊர் ஒப்புக்கொள்ளும்.

முப்பது வருஷமாக அவர் கட்சியின் பூத் ஏஜெண்ட். பட்டியலில் அந்த ஊருக்கு எண்பத்தேழாம் பாகம் என்று எண். தேர்தல் நாளில் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பில், பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஓட்டுப் போட வருகிறவர் உண்மையான ஆள்தானா என்று பார்த்துச் சொல்வது வேலை. அதிகாரி பெயரைப் படித்து முடிப்பதற்குள் இவர் தகப்பன் பெயரையும் கதவு எண்ணையும் சொல்லிவிடுவார். எதிர்க்கட்சி ஏஜெண்டே தன் பட்டியலை விட்டுவிட்டு இவர் முகத்தைப் பார்த்துத்தான் டிக் அடிப்பான். லிஸ்ட்டு அண்ணாச்சி என்று ஊரில் பேர். அந்தப் பேரில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. மகன் ஆவடியில் பட்டாலியன் போலீஸ், ஒன்றரை ஏக்கர் வயல், சொந்த வீடு எல்லாம் இருந்தும் மனுஷன் மார்தட்டிக்கொண்டது இந்த ஒன்றுக்காகத்தான். சம்பளமில்லாத வேலைக்கு இவ்வளவு மிடுக்கா என்று மனைவி சங்கரேஸ்வரி கேட்பாள். அது அவர் காதில் ஏறினால்தானே.

தென்காசி தனி மாவட்டமானது. கலெக்டர் வந்தார், அவர் பின்னாலேயே மனைக்காரர்கள் வந்தார்கள். குற்றாலம் ரோட்டிலிருந்து ஊருக்குத் திரும்புகிற வழியில் இரண்டு பக்கமும் நெல்லு நின்ற வயலில் மஞ்சள் கல் நட்டுக் கொடி கட்டினார்கள். அருவியின் சத்தம்கூடக் கேட்காத இடத்துக்கு அருவி கார்டன் என்று பேர் வைத்தார்கள். சங்கரன்கோவில், ராஜபாளையம், செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் புனலூர் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து வீடு கட்டினார்கள். அறுநூற்று நாற்பது ஓட்டு இருந்த எண்பத்தேழாம் பாகம் ஆறே வருஷத்தில் ஆயிரத்து இருநூறைத் தாண்டியது. மற்றவர்கள் வயல் போகிறதே என்று பார்த்தார்கள். சொரிமுத்துவோ பட்டியல் பருக்கிறதே என்று பார்த்தார். அதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

அவருடைய வயலும் அந்த அருவி கார்டனை ஒட்டித்தான் இருந்தது. குளத்து மடையிலிருந்து வருகிற வாய்க்காலுக்கு மடத்தங்கால் என்று பேர். ஒரு காலத்தில் நாற்பது ஏக்கருக்குப் பாய்ந்தது, இப்போது மிஞ்சியது பதினோரு ஏக்கர். ஆறு குடும்பம். அதில் கடைசி வயல் சொரிமுத்துவினுடையது. மேலே இருப்பவன் குடித்து மிச்சம் வந்தால்தான் இவருக்குத் தண்ணீர். வாய்க்கால் கரை வண்டி போகிற அளவுக்கு அகலம். மனைக்காரர் போட்ட ரோடு சுற்றிக்கொண்டு போகும், கரைமேல் போனால் இரண்டு நிமிஷத்தில் மெயின் ரோடு. ஆகவே அருவி கார்டன்காரர்கள் கரைமேல் வண்டி விட்டார்கள். அடுத்து, கரையைப் பார்த்தே வாசல் வைத்து வீடு கட்டினார்கள்.

தேர்தலுக்கு இரண்டு வருஷம் முன்னால், ஒவ்வொரு பூத்திலும் புது ஓட்டு நூறாவது சேர்க்க வேண்டும் என்று கட்சியிலிருந்து உத்தரவு வந்தது. சொரிமுத்து வீடு வீடாக ஏறி இறங்கினார். கரையைப் பார்த்த வீடுகளில் மட்டும் நூற்று நாற்பத்து மூன்று ஃபாரம் தேறியது. எல்லாவற்றையும் அவரே உட்கார்ந்து, முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பினார். ஊரின் ஓட்டுப் பட்டியல் வேலையை அங்கன்வாடி டீச்சர் நஸீபாதான் பார்த்தாள். அவளிடம் கட்டைக் கொடுத்தபோது அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"அண்ணாச்சி, வாய்க்கா பக்கம்னு எழுதியிருக்கீங்க. கம்ப்யூட்டர்ல ஏற மாட்டேங்குது. தெருப் பேரு கேக்குது."

"தெரு இருந்தாத்தான டீச்சர் பேரு இருக்கும். அது வாய்க்கா கரைல்லா."

"அப்ப அம்புட்டும் ரிஜெக்ட்தான். நான் என்ன செய்யட்டும்?"

சொரிமுத்து யோசிக்கவே இல்லை. அவள் மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து, முதல் ஃபாரத்தில் 'மடத்தங்கால் தெரு' என்று எழுதினார். பிறகு அடுத்தது. நூற்று நாற்பத்து மூன்றிலும் எழுதி முடிக்க மத்தியானமாகிவிட்டது. கட்டின் மேலே வைக்கும் உறுதிமொழித் தாளில் எப்போதும்போலக் கையெழுத்துப் போட்டார். அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்ததுதான். விவரங்களை நேரில் சரிபார்த்தேன் என்று ஏதோ இருக்கும். பூத் ஏஜெண்டுகள் அதைப் படித்தா போடுகிறார்கள்?

புதுப் பட்டியல் வந்தது. மடத்தங்கால் தெரு என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, அதன்கீழ் வரிசையாக முகங்கள். தான் வைத்த பேர் அச்சில் நிற்பதைப் பார்த்து அவருக்கு உச்சி குளிர்ந்தது. ஆய்க்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கட்சிக் கூட்டம் போட்டு, அதிக ஓட்டு சேர்த்த ஏஜெண்டுக்கு என்று பொன்னாடையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரம் நாலு மாதம் ஓடியது.

வாய்க்காலுக்கு அதற்குள் சீக்கு வந்துவிட்டது. கரையோர வீடுகள் கழிவுக் குழாயை அதில் இறக்கின. இடித்த சுவர்க் கட்டியைக் கொண்டுவந்து தட்டினார்கள். யாரோ ஒரு மகராசன் தன் கார் வாசலேற வேண்டும் என்று குறுக்கே கல்லைப் போட்டு அடைத்தான். மேலே குளம் நிறைந்து கிடக்க, கீழே சொரிமுத்துவின் வயலுக்குச் சொட்டு வரவில்லை. ஆனியில் நடுகிற கார் நெல் போயிற்று, அடுத்து ஐப்பசியில் நடுகிற பிசான நெல்லும் போயிற்று. கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு, அடுத்த திங்கள்கிழமை மனு என்று நடையாய் நடந்தார். பார்க்கிறோம் என்றார்கள். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் சட்டமன்றத் தேர்தல் வந்தது. கட்சி வேட்பாளர் பாண்டியராஜ், ஆலங்குளத்து வக்கீல், கும்பிடு போடுவதில் கெட்டிக்காரர். போட்டி கடுமை. பழைய ஊர்க்காரர்களின் ஓட்டு பாதிப் பாதியாய் எப்போதோ பங்கு பிரிந்துவிட்டது, புதுசாக வந்த நகர்க்காரர்கள் யார் பக்கம் சாய்கிறார்களோ அவன்தான் ஜெயிப்பான் என்பது டீக்கடை பெஞ்சுக்கும் தெரியும். பாண்டியராஜ் ஒருநாள் காலையில் சொரிமுத்துவின் வீட்டுக்கே வந்துவிட்டார். தரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க பூத்துல முந்நூறு லீடு குடுங்க. மே மாசம் ரிசல்ட்டு, ஜூன் மாசம் ஒங்க வாய்க்கால்ல ஜேசிபி நிக்கும். தோண்டிச் சுத்தம் பண்ணி, மடையத் தொறந்து நானே தண்ணி விடுதேன். சாரல் தொடங்கும்போது ஒங்க வயல்ல நாத்து நிக்கும்."

முப்பது வருஷத்தில் கட்சியிடம் சொரிமுத்து தனக்கென்று எதையும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை, பாண்டியராஜ் தானாகவே சொல்கிறார். வண்டி கிளம்பிப் போனதும் சங்கரேஸ்வரி சொன்னாள், "ஒரு பேப்பர்ல எழுதி வாங்கியிருக்கலாம்லா?"

"ஏட்டி, நம்ம ஆளுட்டப் போயி எழுதி வாங்குவாகளா? வாய்ல வந்தத ஒளறாத."

வாழ்நாள் முழுதும் தாளை வைத்து ஊரை அளந்த ஆள், தன் விஷயத்தில் மட்டும் வாய்ச்சொல் போதும் என்று விட்டுவிட்டார்.

அருவி கார்டனில் ஓட்டுக் கேட்கப் போனபோது அங்கே குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பெஞ்சமின் எல்லோரையும் கூட்டி வைத்திருந்தார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷன், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம் சார். வாசல்ல இந்தச் சாக்கடை. கொசு, நாத்தம், போன மாசம்கூட ஒரு குழந்தைக்கு டெங்கு. இத மூடி, மேல கல் பதிச்சு ரோடு போட்டுக் குடுங்க. மொத்த ஓட்டும் ஒங்களுக்குத்தான்."

சாக்கடை என்ற சொல் சொரிமுத்துவுக்குச் சுருக்கென்று தைத்தது. அதைச் சாக்கடை ஆக்கியது யார் என்று கேட்க வாய்வரை வந்தது, ஓட்டை நினைத்து விழுங்கிக்கொண்டார். பாண்டியராஜ் எழுந்து, மேற்கே குற்றாலநாதர் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "ஜெயிச்ச ரெண்டாவது மாசம் இங்க ரோடு இருக்கும். இது சத்தியம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சொரிமுத்துவும் தட்டினார்.

அவர் முட்டாள் இல்லை. ஒரே வாய்க்காலைத் தோண்டவும் மூடவும் முடியாது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஒன்று நிஜம், ஒன்று பொய் என்றும் தெரியும். இது ஓட்டுக்காக அவர்களிடம் சொன்ன பொய், நம்மிடம் இட்லி தின்றுவிட்டுச் சொன்னதுதான் நிஜம் என்று எடுத்துக்கொண்டார். கட்சிக்காரனுக்கே உரிய கோளாறு இது. மேடையிலே வெளியாட்களுக்குப் பொய் சொல்வதை முப்பது வருஷம் கூட நின்று பார்த்தவன், அந்தப் பொய் தன் பக்கமும் திரும்பும் என்று கனவிலும் நினைப்பதில்லை. அன்று வீடு திரும்பும் வழியில் அவருக்கு அருவி கார்டன்காரர்கள்மேல் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

மனுஷன் உழைத்த உழைப்பு அப்படி. ஏப்ரல் வெயிலில் மடத்தங்கால் தெரு வீடு ஒவ்வொன்றுக்கும் நாலு தரம் போனார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளை ஃபோன் போட்டு வரவழைத்தார். நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் ஏற்றினார். ஓட்டுப்பதிவு அன்று குட்டை பெஞ்சில் உட்கார்ந்து அதிகாரி படிக்கப் படிக்கத் தலையாட்டினார். மடத்தங்கால் தெரு, மடத்தங்கால் தெரு என்று அந்த வகுப்பறையில் அன்றைக்கு நூற்று முப்பது தடவையாவது ஒலித்திருக்கும். ஒவ்வொரு தடவையும் தன் வயலில் ஒரு குடம் தண்ணீர் விழுவதாக அவர் நினைத்துக்கொண்டார்.

பாண்டியராஜ் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். எண்பத்தேழாம் பாகத்தில் லீடு முந்நூற்றுப் பன்னிரண்டு. வெற்றி ஊர்வலம் தென்காசிக் கோபுரத்தைச் சுற்றி வந்தபோது திறந்த ஜீப்பில் நின்றவர் கூட்டத்துக்குள் சொரிமுத்துவைக் கண்டு கையசைத்தார். அந்தக் கையசைப்பை அவர் சங்கரேஸ்வரியிடம் மூன்று நாள் சொன்னார்.

ஜூனில் சாரல் விழுந்தது. மலை மூடிக்கொண்டது, அருவியில் கூட்டம் என்று பஸ்ஸெல்லாம் நிறைந்து போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு ஜேசிபி சத்தம் கேட்டது. வேப்பங்குச்சியை எறிந்துவிட்டு, தோளில் துண்டோடு சட்டை போடாமல் ஓடினார். நிஜமாகவே வாய்க்காலில் ஜேசிபி நின்றது. சொன்ன மாதம், சொன்ன இடம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏட்டி, டிரைவருக்குக் காப்பி கொண்டா" என்று கத்தினார்.

"தம்பி, மேற்க இருந்து ஆரம்பிங்க. அங்கனதான் அடைச்சுக் கெடக்கு. கல்லத் தூக்குனா தண்ணி பிச்சுக்கிட்டு வரும்" என்று டிரைவருக்குக் கைகாட்டினார்.

டிரைவர் சத்தத்தில் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "தோண்டதுக்கா? மூடதுக்குல்லா அண்ணாச்சி வரச் சொன்னாக" என்றான்.

பின்னால் கிராவல் ஏற்றிய இரண்டு லாரிகள் வந்து நின்றன. சொரிமுத்து குறுக்கே போய் நின்றார். பெஞ்சமின் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து, "அண்ணாச்சி, ஒங்க புண்ணியத்துல எம்எல்ஏ சொன்னபடி செஞ்சுட்டாரு" என்றார். கேலி இல்லை, மனசாரச் சொன்னார். அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. சங்கரேஸ்வரி காப்பியோடு வந்து சேர்ந்தபோது முதல் லாரி கொட்டி முடித்திருந்தது. அவள் காப்பியைக் கரையில் ஊற்றிவிட்டுத் திரும்பிப் போனாள்.

பாண்டியராஜ் நாலாவது தடவைதான் ஃபோனை எடுத்தார்.

"அண்ணாச்சி, கோவப்படாதீங்க. அங்கன நூத்தி நாப்பத்தி மூணு ஓட்டு. ஒங்க பக்கம் ஆறு குடும்பம். இந்தக் கணக்க ஒங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? போக, அது தெருன்னு ரெக்கார்டு இருக்கு. தெருவுல ரோடு போடாதன்னு நான் எப்பிடிச் சொல்ல முடியும்?"

"என்னவே ரெக்கார்டு? ஆதி காலத்துல இருந்து அது வாய்க்கா. எவன் சொன்னான் தெருன்னு?"

"யூனியன் ஆபீஸ்ல போயி ஃபைலப் பாருங்க அண்ணாச்சி."

போனார். அதிகாரி அவருடைய கட்சிக்கரை வேட்டியைப் பார்த்து மரியாதையாகவே உட்காரச் சொல்லி ஃபைலைத் திருப்பிக் காட்டினார். பழைய வரைபடத்தில் வாய்க்கால் நீலக் கோடாக இருந்தது, அவரும் அதை மறுக்கவில்லை. ஆனால் சங்கத்தின் மனுவோடு வாக்காளர் பட்டியலின் பக்கங்கள் இருந்தன. அதற்குக் கீழே ஓர் உறுதிமொழித் தாளின் நகல். மேற்படி நபர்கள் மேற்படி தெருவில் வசிப்பதை நேரில் சென்று சரிபார்த்தேன், தவறானால் சட்டப்படி நானே பொறுப்பு. கீழே சொரிமுத்துவின் கையெழுத்து.

"பழசுல வாய்க்கால்தான், நான் இல்லேங்கல. ஆனா ஒங்க கட்சி ஏஜெண்டே ரெண்டு வருஷம் முன்னாடி தெருன்னு எழுதிக் குடுத்துருக்காரு பாருங்க. உள்ளூர்க்காரர். இவரு யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

எந்தக் கையெழுத்தைக் கண்டால் எண்பத்தேழாம் பாகமே நம்புமோ அது சொரிமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தது. தெரியும் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழுந்து வந்தார். வருகிற வழியெல்லாம் அவமானத்தில் உடம்பு எரிந்தது. பாண்டியராஜ்மேல், பெஞ்சமின்மேல் என்று யார்மேல் கோபத்தைத் திருப்பினாலும் அது சுற்றிக்கொண்டு அவரிடமே வந்து நின்றது.

ஆவணியில் கல் பதித்து முடித்தார்கள். திறப்பு விழாவுக்கு அவர் போகாமலிருந்திருக்கலாம். வீட்டு வாசலில் வந்து கட்சிக்காரர்கள் கூப்பிட்டபோது, முப்பது வருஷப் பழக்கம், கால் தானாக நடந்துவிட்டது. நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'மடத்தங்கால் தெரு' என்று எழுதியிருந்தது. பாண்டியராஜ் ரிப்பன் வெட்டிவிட்டு மைக்கைப் பிடித்தார். "இந்தத் தெருவுக்குப் பேரு வச்சதே நம்ம சொரிமுத்து அண்ணாச்சிதான். அவர் இல்லேன்னா இந்தத் தெருவே இல்ல" என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சொரிமுத்து கும்பிட்டுக்கொண்டு நின்றார், அந்தக் கையால் யாரையாவது அறைந்திருக்கலாம்.

அந்த வருஷம் சாரல் நன்றாகவே பெய்தது. குளம் நிறைந்து மறுகால் பாய்ந்து, தண்ணீரெல்லாம் சிற்றாற்றில் போய் விழுந்தது. வாய்க்கால் இல்லாமல் சொரிமுத்துவின் நாற்று வெளுத்துச் சுருண்டது. ஆறு குடும்பத்தில் நாலு குடும்பம் மனைக்காரரிடம் பேசி முடித்துவிட்டன. அங்கேயும் மஞ்சள் கல் வந்தது.

ஐப்பசியில் ஒருநாள் நஸீபா கையில் கட்டோடு வந்தாள். மடத்தங்கால் தெருவில் புதிதாக ஒன்பது வீடு, இருபத்தாறு ஃபாரம். கட்சி ஏஜெண்டின் உறுதிமொழி வேண்டும்.

சொரிமுத்து கட்டை வாங்கி ஒவ்வொரு ஃபாரமாகப் புரட்டினார். பிறகு கேட்டார்.

"டீச்சர், ஆளு செத்தா பேர எடுக்கதுக்கு ஃபாரம் ஏழு இருக்குல்லா?"

"ஆமா அண்ணாச்சி. யாரு செத்தா?"

"யாரும் சாகல. தெருவ எடுக்கதுக்கு ஏதாவது ஃபாரம் இருக்கா?"

நஸீபா அவரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. "அப்படி ஒண்ணு இல்லியே அண்ணாச்சி" என்றாள் மெதுவாக.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உறுதிமொழித் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை, உதடு அசைய ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். பத்து வரிதான். முப்பது வருஷத்தில் அதை அவர் முழுசாகப் படித்தது அன்றுதான். படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் தாளைத் திரும்ப நஸீபாவிடமே நீட்டினார்.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சங்கரேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். அது கடையில் வாங்கிய அரிசி.

"இப்பிடி வாசிக்கத் தெரிஞ்ச மனுஷன்தான் இத்தன வருஷமா வாசிக்காமக் கையெழுத்துப் போட்டீகளா?" என்றாள்.